கிளட்ச் பெடல் தொய்ந்து போனால்

ஜீவனஹள்ளியில் குடியிருந்து வாடகைக் கார் ஓட்டும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருப்பது பழைய இன்னோவா. பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையில் செய்த வண்டி. இந்தியாவில் 2005-இல் விற்பனைக்கு வந்த வகை.

காலை நேரம். காக்ஸ் டவுன் பக்கம் நெரிசல். அவர் கிளட்சை மிதிக்கிறார். பெடல் பொதக்கென்று உள்ளே போகிறது. கியர் விழவில்லை. 'கர்ர்' என்று சத்தம் வருகிறது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள். பெடலை மூன்று நான்கு தடவை வேகமாக மிதிக்கிறார். இப்போது கியர் விழுகிறது.

மதியம் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "கிளட்ச் பிளேட் போயிடுச்சு அண்ணா. கியர் பாக்ஸை இறக்கணும்."

கியர் பாக்ஸை இறக்குவது பெரிய வேலை. வண்டி ஒன்றிரண்டு நாள் நிற்கும். செலவும் ஆகும், அந்த நாள் வருமானமும் போகும். அதனால் சற்றுப் பொறுங்கள். பல தடவை மிதித்தால் கியர் விழுகிறது அல்லவா? அதுதான் துப்பு. பெரும்பாலும் குறை பிளேட்டில் இல்லை. ஆயில் போகும் வழியில்தான் இருக்கும்.

எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் இருக்கிறது. பெடலை மிதித்தால் இரண்டுக்கும் உள்ள பிடி விடுகிறது. அப்போதுதான் கியர் மாற்ற முடியும். மாருதி 800 வண்டியில் இந்த வேலையை ஒரு கேபிள் செய்தது. இன்னோவாவில் ஆயில் செய்கிறது. பெடலுக்கு மேலே ஒரு சிறு பம்பு உண்டு. அது மாஸ்டர் சிலிண்டர். கியர் பாக்ஸ் பக்கம் இன்னொன்று உண்டு. அது ஸ்லேவ் சிலிண்டர். இரண்டையும் ஒரு குழாய் இணைக்கிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத இரண்டு புது சிரிஞ்சுகளை வாங்குங்கள். இரண்டையும் சிறு ரப்பர் குழாயால் இணையுங்கள். காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் உடனே மற்றது நகரும். இப்போது குழாயில் கொஞ்சம் காற்றை விடுங்கள். மறுபடி அழுத்துங்கள். விரலுக்குப் பஞ்சுபோல் இருக்கும். மற்றது தாமதமாக, குறைவாக நகரும். காற்று சுருங்கும், தண்ணீர் அப்படிச் சுருங்காது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் சொல்லிவிட்டார். நம் ஓட்டுநரின் பெடலும் அந்தச் சிரிஞ்சு போலத்தான்.

காற்று எப்படி உள்ளே போகிறது? சிலிண்டருக்குள் ரப்பர் கப் இருக்கிறது. வருடக்கணக்கில் தேய்ந்து அது தளர்ந்து விடுகிறது. ஆயில் கசிகிறது, காற்று நுழைகிறது. பெடலுக்குப் பக்கத்தில், கால் வைக்கும் இடத்தில் ஈரம் தெரிந்தால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். கியர் பாக்ஸ் பக்கம் ரப்பர் உறை நனைந்திருந்தால் ஸ்லேவ். வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை, ஆனால் மிதித்தபடி வைத்திருந்தால் கியர் பிடி தானாக இழுக்கிறது என்றால், மாஸ்டருக்குள்ளேயே ஆயில் நழுவுகிறது என்று எண்ணலாம். பழைய ரப்பர் குழாய் உப்பினாலும் பெடல் தொய்யும்.

ரப்பர் கிட் மட்டும் மாற்றலாமா? சிலிண்டரின் உள்சுவர் வழவழப்பாக இருந்தால் மாற்றலாம். கீறலோ துருவோ இருந்தால் புது ரப்பரையும் அது சீக்கிரம் அறுத்துவிடும். என்னைக் கேட்டால், வண்டிக்கு வயதாகியிருந்தால் இரண்டு சிலிண்டரையும் குழாயையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒன்றைப் புதிதாகப் போட்டால், அடுத்த மாதம் மற்றது கசியும். ஜே.சி. ரோட்டில் உதிரிபாகம் வாங்கும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மாற்றியபின் ஏர் எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்கிறார். மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைத் திறக்கிறார். காற்றுக் குமிழியோடு ஆயில் வருகிறது. நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முன்னால் விட்டால் காற்றை மறுபடி உள்ளே இழுக்கும். குமிழி நிற்கும்வரை இப்படியே செய்ய வேண்டும். மேலே உள்ள டப்பாவில் ஆயில் தீர்ந்துவிடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

ஊற்றுவது எஞ்சின் ஆயில் அல்ல. டப்பா மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டாட் 3 அல்லது டாட் 4 என்று இருக்கும். எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் உப்பிக் கெட்டுவிடும். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. அங்கே தவறு செய்தால் பிரேக்கும் போய்விடும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் திறந்து வைத்த பழைய டப்பா வேண்டாம். வெளியே எடுத்த ஆயிலை மறுபடி ஊற்றவும் வேண்டாம். அது நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பெயிண்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எஞ்சின் இரைகிறது, வண்டி ஏற்றத்தில் ஏறவில்லை, கருகிய வாடை வருகிறது. இப்படி இருந்தால் அது வேறு சங்கதி. அப்போது பிளேட்டைப் பார்க்கத்தான் வேண்டும். சிலிண்டர் மாற்றிப் பயனில்லை.

நம் ஓட்டுநரின் வண்டியில் பெடலுக்குக் கீழே ஈரம் இருந்தது. மாஸ்டர், ஸ்லேவ், குழாய் மூன்றும் மாற்றினார்கள். ஏர் எடுத்தார்கள். பெடல் இறுக்கமாக நின்றது, ஒரே மிதியில் கியர் விழுந்தது. கியர் பாக்ஸை யாரும் தொடவில்லை. அடுத்த ஒரு வாரம் அவர் காலையில் வண்டியை எடுக்குமுன் டப்பாவில் ஆயில் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டார்.