பாசிர் ரிஸ்: மணற்கரையில் மலர்ந்த பசுமை நகர்

சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில், சிராங்கூன் சாலையின் சந்தடிக்கு வெகு தொலைவில், ஜொகூர் நீரிணையை நோக்கி அமைந்துள்ளது பாசிர் ரிஸ். மலாய் மொழியில் 'பாசிர்' என்றால் மணல். கடற்கரையின் பெயரே ஊரின் பெயராயிற்று. மீனவர் கம்பங்களும் தோட்டங்களும் நிறைந்திருந்த இப்பகுதியில், 1980களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதுநகர் எழுப்பியது. 1989 டிசம்பரில் பெருவிரைவு இரயிலும் வந்து சேர்ந்தது. கம்பங்கள் மறைந்தன, எனினும், 6 ஹெக்டர் பரப்புள்ள சதுப்புநிலக் காடு பூங்காவினுள் அழியாமல் காக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

காக்கப்பட்டது காடு மட்டுமன்று. அதே 1980களில், லோயாங் கடற்கரையில் பல சமயத் திருவுருவங்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. அவற்றைக் கண்ட நண்பர்கள் சிலர், எச்சமயத்தாருடையவை என்று பாராமல், எளிய கொட்டகையொன்றில் எழுந்தருளச் செய்தனர். 1996இல் அக்கோயிலைத் தீ அழித்தது. அன்பர்கள் தளராது மீண்டும் எழுப்பினர். 2007இல் ஆலயம் லோயாங் வேயில் உள்ள இன்றைய இடத்திற்கு மாறியது. அங்கு துவா பெக் கோங்கும் விநாயகப் பெருமானும் ஒரே வளாகத்தில் அருள்பாலிக்கின்றனர். டத்தோ கோங்கிற்கும் தனிச் சன்னதி உண்டு.

கம்பத்து மக்களின் அண்டை அயல் உறவு அடுக்குமாடி வீடுகளிலும் நிலைக்க வேண்டுமெனில், இவ்வரலாற்றை இளையோருக்கு எடுத்துரைப்பது பெரியோர் கடமையாகும்.