இட்லிக்கு ஒரு நாள், கழிப்பறைக்கு ஒரு நாள்: இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

கைப்பேசியைத் திறந்தால் "இன்று உலக எமோஜி தினம்" என்று ஒரு பதிவு. போன மாதம்தான் டோனட் தினம் முடிந்தது. இடையில் எந்தெந்தத் தினங்கள் வந்து போயின என்று யாருக்கும் நினைவில்லை.

"சரி, லீவு உண்டா?" என்றுதானே கேட்கிறீர்கள்? கிடையாது. சிங்கப்பூரில் அரசிதழில் அறிவிக்கப்படும் பொது விடுமுறைகள் ஆண்டுக்கு 11. அந்தப் பட்டியலில் இடம்பிடிக்கச் சட்டம் வேண்டும். எமோஜி தினத்துக்கு ஒரு இணையப் பக்கமே போதுமாக இருந்தது.

அப்படியானால் இந்த நாள்களை உருவாக்குவது யார்? உண்மையைச் சொன்னால், யார் வேண்டுமானாலும்!

விளையாட்டாகப் பிறந்தவை

எமோஜி தினத்தை 2014ல் தொடங்கியவர் ஜெரமி பர்ஜ். எமோஜிகளுக்கான இணைய அகராதியான எமோஜிபீடியாவை நடத்தியவர். ஏன் ஜூலை 17? ஐஃபோனில் நாள்காட்டி எமோஜியைப் பாருங்கள், அந்தத் தேதிதான் இருக்கும். அவ்வளவுதான் காரணம்.

செப்டம்பர் 19ஆம் தேதி 'கடற்கொள்ளையர் போல் பேசும் நாள்'. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜான் பாவர், மார்க் சம்மர்ஸ் என்ற இரண்டு நண்பர்கள் 1995ல் விளையாடிக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனை. சம்மர்ஸின் முன்னாள் மனைவியின் பிறந்தநாள் என்பதால் அந்தத் தேதி மறக்காதாம். (அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது வேறு கதை.) ஏழு ஆண்டுகள் அது நண்பர்கள் வட்டத்துக்குள்ளேயே இருந்தது. 2002ல் நகைச்சுவை எழுத்தாளர் டேவ் பேரி தம் பத்தியில் அதைப் பற்றி எழுதினார். உலகமே கடற்கொள்ளையர் குரலில் கத்த ஆரம்பித்துவிட்டது.

கவனியுங்கள்: நாளை உருவாக்குவது சுலபம். அதை நாலு பேருக்குத் தெரியவைப்பதுதான் கஷ்டம். அதற்காகவே அமெரிக்காவில் 1957ல் 'சேஸ் நாள்காட்டி' என்ற தொகுப்பைத் தொடங்கினார்கள். ஜப்பானில் 1991 முதல் இத்தகைய நாள்களைப் பதிவு செய்ய ஒரு சங்கமே இருக்கிறது.

ஜப்பானியர்கள் இதில் கில்லாடிகள். எண்களின் ஒலியை வைத்தே நாள் பிடிப்பார்கள். இரண்டு 'நி', ஒன்பது 'கு'. சேர்த்தால் 'நிகு', அதாவது இறைச்சி. ஆக, ஒவ்வொரு மாதமும் 29ஆம் தேதி இறைச்சி நாள்! பிப்ரவரி 22 பூனை நாள். ஏனென்றால் மூன்று இரண்டுகள் ஜப்பானியக் காதுக்கு 'ந்யான் ந்யான் ந்யான்', அங்கே பூனைகள் அப்படித்தான் கத்தும். நம் பூனை 'மியாவ்' என்பதால் தமிழில் இது எடுபடாது.

நம் பக்கமும் சும்மா இல்லை. மார்ச் 30 உலக இட்லி தினம். 2015ல் அதற்கு வித்திட்டவர் சென்னையில் இட்லி வியாபாரம் செய்யும் இனியவன். கொண்டாடும் முறையை விளக்க வேண்டியதில்லை. சட்னி மட்டும் குறையாமல் இருக்கட்டும்.

பணம் நுழையும்போது

செய்தி அறையில் எங்கள் மின்னஞ்சல் பெட்டிக்கு இப்படிப்பட்ட நாள்கள் மாதம் தவறாமல் வந்து சேரும். "இன்று இன்ன தினம், எங்கள் பொருளுக்கு இவ்வளவு தள்ளுபடி" என்று. பெரும்பாலும் அவற்றைச் செய்தியாக்குவதில்லை. விளம்பரத்துக்குப் பிறந்தநாள் தொப்பி மாட்டிவிட்டால் அது செய்தியாகிவிடுமா, என்ன?

ஆனால் எல்லாம் கடைக்காரர்கள் கண்டுபிடித்தவை அல்ல. 11.11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழக விடுதி மாணவர்கள் 1993ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் நாள் அது. நான்கு ஒன்றுகளும் தனித்தனியாக நிற்கும் குச்சிகள் மாதிரி இருக்கின்றன அல்லவா? ஜோடி இல்லாதவர்கள் தங்களைத் தாங்களே கிண்டலடித்துக்கொண்டு சேர்ந்து சாப்பிடப் போன நாள். 2009ல் அலிபாபா அதை விற்பனை நாளாக்கியது. இன்று 9.9, 10.10, 12.12 என்று அதன் தம்பி தங்கைகளும் வந்துவிட்டார்கள்.

நள்ளிரவு 12 மணிக்குக் கூப்பனுக்காகக் காத்திருப்பவரா நீங்கள்? ஒரு வேலை செய்யுங்கள். வாங்க நினைக்கும் பொருளின் விலையை இரண்டு வாரம் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அன்றைய 'தள்ளுபடி' விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில நேரம் சிரிப்பு வரும், சில நேரம் கோபம் வரும். அதைவிட, பழைய வழக்கப்படி தனியாக இருக்கும் நண்பரைச் சாப்பிடக் கூட்டிப்போனால் செலவும் கம்மி.

சிங்கப்பூர் உலகுக்குத் தந்த நாள்

இப்போது நம் ஊர்க் கதை. நவம்பர் 19 உலகக் கழிப்பறை தினம். சிரிப்பு வருகிறதா? அதைத் தொடங்கியவரும் நீங்கள் சிரிக்க வேண்டும் என்றுதான் நினைத்தார்.

அவர் ஜேக் சிம். சிங்கப்பூர்த் தொழிலதிபர். நாற்பது வயதில், சம்பாதித்தது போதும் என்று தொழிலை விட்டு விலகினார். சமூகத்தின் பண்பைப் பொதுக் கழிப்பறைகளின் சுத்தத்தை வைத்து அளக்கலாம் என்று அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் கூறியிருந்தது அவர் மனத்தில் தங்கிவிட்டது. 1998ல் இங்கே கழிப்பறைச் சங்கம் ஒன்றை அமைத்தார். 2001 நவம்பர் 19ல் உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் சுருக்கினால் டபிள்யூ-டி-ஓ. உலக வர்த்தக நிறுவனத்துக்கும் அதே சுருக்கம்தான். தற்செயல் இல்லை, வேண்டுமென்றே வைத்த பெயர்!

ஏன் இந்தக் குறும்பு? கழிப்பறை என்றாலே மக்கள் முகம் சுளிப்பார்கள், பேச்சை மாற்றுவார்கள். பேசாத விஷயத்துக்கு அரசாங்கங்கள் பணமும் ஒதுக்காது. சிரிக்க வைத்தால் பேசுவார்கள் என்பது அவர் கணக்கு.

கணக்கு பலித்தது. 2013 ஜூலையில் சிங்கப்பூர் முன்வைத்த 'அனைவருக்கும் சுகாதாரம்' தீர்மானத்தை ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை ஏற்றது. கழிப்பறை தினம் அதிகாரபூர்வமானது. அப்போது உலகில் சுமார் 250 கோடிப் பேருக்கு முறையான கழிப்பிட வசதி இல்லை. கழிவு நீரில் கலந்தால் வயிற்றுப்போக்கு வருகிறது, சின்னக் குழந்தைகள் இறக்கிறார்கள். பள்ளியில் கழிப்பறை இல்லாவிட்டால், மாதவிடாய் நாள்களில் பெண் பிள்ளைகள் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். பாதுகாப்பான வசதி கிடைக்காதவர்கள் இன்றும் 300 கோடிக்கும் மேல்.

"அதெல்லாம் வேறு நாட்டில்" என்று நினைத்தால், வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். வாளிக் கழிப்பறையும், அதிகாலையில் வாளியை எடுக்க வரும் ஊழியரும் அவர்களுக்கு நினைவிருக்கலாம். சிங்கப்பூரில் அந்த முறை முழுமையாக ஒழிந்தது 1987ல்தான். நவம்பர் 19ஆம் தேதியைக் கொண்டாட எனக்குத் தெரிந்த நல்ல வழி, அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்துவைப்பது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேண்டாம்.

நமக்கேற்ற பை தினம்

கணித மாணவர்களுக்கு மார்ச் 14 தெரிந்திருக்கும். பை தினம். 1988ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரேட்டோரியம் அறிவியல் காட்சிக்கூடத்தில் லாரி ஷா தொடங்கினார். யுனெஸ்கோ 2019ல் அதே தேதியை அனைத்துலகக் கணித தினமாக அறிவித்தது.

ஆனால் ஒரு சிக்கல். மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்கர்களுக்குத்தான் அது 3/14. நமக்கு அது 14/3. பை எங்கே?

கவலை வேண்டாம், நமக்கு ஜூலை 22 இருக்கிறது. 22/7! சொல்லப்போனால் 3.14ஐவிட 22/7தான் பையின் உண்மையான மதிப்புக்கு இன்னும் நெருக்கம். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். நம் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளுக்கு மறுநாள் வேறு.

அன்று ஒரு மைலோ டின் மூடி, ஒரு நூல், ஒரு அடிக்கோல் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைச் சுற்றி நூலை வைத்து நீளத்தை அளந்து, அதை மூடியின் குறுக்களவால் வகுங்கள். 3.1க்குப் பக்கத்தில் வந்தால் சரி. அடுத்து ரொட்டி பராட்டாவை அளக்கலாம், வட்டமாகக் கிடைத்தால். ஆறிப்போவதற்குள் அளந்துவிடுங்கள்.