பாறைப்பாசியும் குண்டுக்கரிச்சானும்

எங்கள் மேட்டுக்காட்டு மூலையில் பத்து சென்ட் அளவுக்குப் பாறை கிடக்கிறது. போன மாசியில் ஜல்லிக்குக் கேட்டு ஒருவர் வந்தார். "சும்மா கெடக்குற கல்லுதானுங்கண்ணா, ஒடச்சா காசும் ஆச்சு, நெலமும் ஆச்சு" என்றார். கடன் கழுத்தை நெரிக்கிற நேரம். யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிவிட்டு, பாறை மேலேயே போய் உட்கார்ந்தேன்.

பாறையெங்கும் சாம்பலும் வெளிர்பச்சையுமாக வட்ட வட்டமாய் ஒட்டியிருக்கிறதே, அதை அழுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் இதே வகையறாதான். பூஞ்சை வீடு கட்டுது. உள்ளே குடியிருக்கும் பாசி வெயிலில் சமைத்துப் போடுது. 1860களில் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ்காரர் இது ஓர் உயிரல்ல, கூட்டுக்குடித்தனம் என்றபோது அந்தத் துறை அறிஞர்களே ஏற்கவில்லை. பாறையோடு ஒட்டி வளரும் ரகம் வருசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பரவினாலே அதிகம். அங்கே என் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நாலு சென்டிமீட்டர். அப்படியானால் நாற்பது வருசத்துக்குக் குறையாது! கோடையில் காய்ந்து செத்தது மாதிரி கிடக்கும். மழை பட்டால் சில நிமிசத்தில் பச்சை திரும்பிவிடும். அது கசியவிடும் அமிலம் கல்லைத் துளித்துளியாய் அரித்து மண்ணாக்குகிறது.

பக்கத்து வேம்புப் பொந்தில் குண்டுக்கரிச்சான். எடை நாற்பது கிராம் சுமார். கோடை விடியலில் அது பாடுகிற பாட்டுக்கே சீக்கிரம் எழுந்திருக்கலாம். ஆனால் பாசி மாதிரி அதால் காத்துக் கிடக்க முடியாது. தினமும் புழு பூச்சி வேணும். நான் மருந்தடித்த காலத்தில் அதைக் கண்ணிலேயே பார்த்ததில்லை. நிறுத்திய இரண்டாம் வருசமே வந்துவிட்டது.

அதைப் பார்த்து, நிலம் தேறிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவசரப்பட்டுட்டேன். மூணாம் வருசமும் கடலைக்காட்டில் மண் இறுகித்தான் கிடந்தது, மகசூல் பழையதில் பாதி. பூச்சி திரும்பியதும் குருவி வந்தது, அவ்வளவுதான். மண் போகிற வேகம் வேற. எத்தனை வருசத்துல சரியாகும்னு கேட்டு வருகிற தம்பிகளுக்கு முதலில் பொந்தைக் காட்டுகிறேன், அப்புறம் பாறையைக் காட்டுகிறேன்.

ஜல்லிக்காரரிடம் வேண்டாமென்றேன். வட்டிக்கு இரண்டு கிடாரிகளை விற்க வேண்டியதாயிற்று. வீட்டில் நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் காபியோடு அவளும் பாறைக்கு வந்து, "எதுங்க அந்த நாப்பது வருச வட்டம்?" என்றாள்.