உருளைக்கிழங்குச் செடி கருகுதா? அடி இலையைப் பாருங்க



முளைவிட்ட உருளைக்கிழங்கைச் சாக்கு மண்ணில் ஊன்றிப் பார்க்கும் உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். செடி தளதளன்னு வரும், மழை பிடித்ததும் இலை கருகும். உடனே "கண்ணு பட்டுடுச்சு" என்பார்கள். கண்ணும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. இது கருகல் நோய்.

ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியில் ஈரம் ஏறும், பாவு காயாது, கூலி குறையும். காய் வாங்கக் கையில் காசு இல்லாத அதே மாதத்தில்தான் இந்த நோயும் வருகிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

கருகலில் இரண்டு வகை. நம்ம வெம்பாக்கம் மாதிரி வெயில் ஊரில் பெரும்பாலும் வருவது முன்கருகல். மண்ணை ஒட்டிய பழைய இலையில் பழுப்புப் புள்ளி விழும். உற்றுப் பார்த்தால், அறுத்த மரத்தில் தெரிவது போல வட்டத்துக்குள் வட்டம் இருக்கும். மெதுவாக மேலே ஏறும். தக்காளிக்கும் இதே நோய் வரும், இரண்டும் ஒரே குடும்பம்தானே.

பின்கருகல் குளிரும் பனியும் உள்ள இடத்தில் வருவது. இலையில் நீர் கோத்தது போல் கரும்பச்சைத் திட்டு, விடிகாலையில் இலைக்கு அடியில் வெள்ளைப் பூசணம். சில நாளிலேயே தோட்டமே அழுகிவிடும். நீலகிரிக்கு இது 1870–80களிலேயே வந்துவிட்டது. அதற்கு முன்பு 1845-ல் அயர்லாந்து நாட்டில் பரவியது. அங்கே ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் சோறு. சில வருடங்களில் பசியாலும் காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள்.

இலை நனைந்தே கிடந்தால்தான் இந்தக் கிருமி பிடிக்கும். நாம் சாயங்காலம் குடத்தைத் தூக்கிச் செடி தலையில் ஊற்றுகிறோம், ராத்திரி முழுக்க ஈரம்! காலையில், சொம்பால், வேர்ப் பக்கம் மட்டும் ஊற்றுங்கள். மண் தெறிக்காமல் வைக்கோல் பரப்புங்கள். புள்ளி விழுந்த அடி இலையை, செடி காய்ந்திருக்கும்போது கிள்ளி எரித்துவிடுங்கள். குப்பைக்குழியில் போட்டால் அடுத்த செடிக்கும் வரும். அதே சாக்கில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காமல் கீரையோ வெண்டையோ போடுங்கள்.

மழை விடாமல் இருந்தால் போர்டோ கலவை தெளிக்கலாம். 10 லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். தனித்தனியாக 5 லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பழைய அரிவாளை நனைத்துப் பார்த்தால் செம்புநிறம் ஏறக்கூடாது. ஏறினால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கணும். அன்றே தெளித்துவிட வேண்டும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். ஒரு வீட்டுக்கு 10 லிட்டர் அதிகம், நாலு பேர் சேர்ந்து செய்தால் செலவும் பங்காகிவிடும். ஏற்கெனவே கருகிய இலை இதனால் பச்சையாகாது, மீதி இலை தப்பும், அவ்வளவுதான்.

செடி முழுக்கக் கருகிவிட்டால் தண்டை வெட்டி அப்புறப்படுத்தி, 10, 15 நாள் கழித்துக் கிழங்கை எடுங்கள். தோல் முற்றும், அழுகல் குறையும். வெளியே தெரிந்து பச்சையாகிப்போன கிழங்கைச் சமைக்க வேண்டாம், அதில் நஞ்சு சேரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரவு குளிர்ந்தால்தான் கிழங்கு பருக்கும். நம்ம ஊரில் கார்த்திகைக் கடைசியில் ஊன்றினாலும் கிழங்கு சிறுசாகத்தான் வரும். குழம்புக்கு ஆகும், விற்க ஆகாது. இதை நம்பிக் குழுவில் கடன் கேட்காதீர்கள்.

சந்தேகம் என்றால் கீழ்நெல்லியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். இலையை பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும், செய்தித்தாளில் மடித்து எடுத்துப் போங்கள்.