குறுந்தகட்டுக்குக் கொற்றம் வேண்டுமா?

குறுந்தகடு ஒன்றில் பத்துப் பாடல்களைப் பதிந்து நண்பனுக்குத் தர விரும்புகிறான் ஒரு மாணவன். அதற்காக அந்தக் கணிப்பொறியின் முழு ஆட்சியையும் அவன் கையில் ஒப்படைக்க வேண்டுமா? வேடிக்கையான கேள்விதான். ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தில் பல ஆண்டுகள் நடைமுறை ஏறக்குறைய அவ்வாறே இருந்தது. அது ஏன் நேர்ந்தது, எவ்வாறு மாறிற்று என்பதைச் சற்று நோக்குவோம்.

லினக்ஸில் 'ரூட்' எனப்படும் தலைமைப் பயனருக்குத் தடை என்பதே கிடையாது. எவருடைய கோப்பையும் அவர் படிக்கலாம், அழிக்கலாம். நாமெல்லாம் அங்கே சாதாரணக் குடிமக்கள். தகடு பதியும் 'சிடிரெக்கார்டு' என்னும் நிரலை, யார் இயக்கினாலும் ரூட்டின் உரிமையோடு ஓடும்படி நிறுவி வைப்பது அந்நாளைய வழக்கம். அந்நிரலில் பிழையொன்று இருந்து, குறும்பன் ஒருவன் அதைக் கண்டுகொண்டால் என்னாகும்? தன் அறைக் கதவைத் திறக்கச் சாவி கேட்டவனிடம் விடுதியின் சாவிக்கொத்து முழுவதையும் கொடுத்த கதைதான். ஒரே பொறியைப் பலர் பயன்படுத்தும் ஆய்வுக்கூடங்களில் இது சிறிய கவலையன்று.

அந்நிரலுக்கு அத்துணை உரிமை எதற்கு? முதலாவது காரணம், காலம் தவறாமை. குறுந்தகட்டின் அடிப்படை வேகத்தில் வினாடிக்கு 75 பகுதிகள், பகுதிக்கு 2,048 பைட்டுகள். ஆக வினாடிக்கு 150 கிலோபைட்டு செல்ல வேண்டும். எட்டு மடங்கு வேகமென்றால் 1,200 கிலோபைட்டு. பதியும் கருவிக்குள் 'பஃபர்' என்றொரு சேமிப்பிடம் உண்டு. நம் வீட்டு மேல்தொட்டியைப் போன்றது அது. கீழிருந்து நீர் ஏறுவது நின்றாலும், தொட்டி வற்றும்வரை குழாயில் நீர் வரும். தொட்டியின் அளவு 2 மெகாபைட்டு என்றால், மேற்சொன்ன வேகத்தில் ஒன்றே முக்கால் வினாடியில் வற்றிவிடும்! சுழலும் தகடோ காத்திராது. பழைய கருவிகளில் லேசர் ஒருமுறை பாதியில் நின்றால், அந்தத் தகடு தேநீர்க் குவளைக்கு அடியில் வைக்கத்தான் உதவும். விட்ட இடத்திலிருந்து தொடரும் சான்யோவின் 'பர்ன்-புரூஃப்' போன்ற முறைகள் 2000ஆம் ஆண்டையொட்டித்தான் வந்தன.

ஆகவே சிடிரெக்கார்டு இரண்டு சலுகைகளைக் கேட்டது. தன் நினைவகப் பகுதியை வட்டுக்குத் தள்ளாமல் பூட்டி வைக்க வேண்டும். பிராசஸர் தனக்கே முதலிடம் தரவேண்டும். இரண்டாவது சலுகை ஆபத்தானது. முதலிடம் பெற்ற நிரல் முடிவில்லாமல் சுற்றத் தொடங்கினால், சுட்டியும் விசைப்பலகையும்கூட அசையாமல் பொறி உறைந்துவிடும். இவற்றோடு, கருவிக்கு நேரே கட்டளை அனுப்பும் உரிமையும் தேவைப்பட்டது. இவற்றுள் முதலிரண்டும் அந்நாளில் ரூட்டின் தனிச் சொத்து!

முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. 2004 ஆகஸ்டில் வந்த 2.6.8 கர்னல், கருவிக்குச் செல்லும் கட்டளைகளைச் சல்லடை போட்டது. கருவியின் உள்நிரலையே அழித்தெழுதும் கட்டளையைக்கூட யாரும் அனுப்பலாம் என்றிருந்த நிலையை அது தடுத்தது. தடுத்ததோடு நில்லாமல், பல சாதாரணப் பயனர்களின் தகடு பதிப்பையும் நிறுத்திவிட்டது! சல்லடை பின்னர் திருத்தப்பட்டது. அதே ஆண்டின் 2.6.9, ஒரு வரம்புக்குள் எவரும் நினைவகத்தைப் பூட்டலாம் என்றது. 2005இல் வந்த 2.6.12, எந்தப் பயனர் எவ்வளவு முன்னுரிமை கேட்கலாம் என்று நிர்வாகி அளந்து கொடுக்க வழி செய்தது. அந்த முன்னுரிமையோடு இடைவிடாது எத்தனை நேரம் ஓடலாம் என்ற கட்டுப்பாடு 2008இல் சேர்ந்தது. சாவிக்கொத்து பிரிக்கப்பட்டது என்க.

ஆனால் முன்னுரிமையை யாசிக்கும் தேவையே குறைய வேண்டுமென்றால், நேரத்தைப் பங்கிடும் முறை நன்றாயிருக்க வேண்டுமல்லவா? ஒருபுறம் பெரிய நிரலொன்று தொகுக்கப்படும்போது மறுபுறம் பாட்டு விக்குவதும், சன்னல்கள் தயங்கி நகர்வதும் அன்று பலரறிந்த துன்பங்கள். 2.6 கர்னலின் பழைய முறை, எந்நிரல் எவ்வளவு நேரம் உறங்குகிறது என்று பார்த்து, அது மனிதனோடு பேசும் நிரல்தானா என்று ஊகித்தது. ஊகம் பலவேளை பொய்த்தது. ஊகம் வேண்டா, நியாயமான பங்கு போதும் என்று வாதாடியவர் கான் கோலிவாஸ். ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவர்! அவருடைய நிரல் ஏற்கப்படவில்லை, கருத்து வென்றது. இங்கோ மோல்னார் எழுதிய நியாயப் பங்கீட்டு முறை 2007 அக்டோபரில் 2.6.23இல் அமர்ந்தது.

2011இல் வந்த 2.6.38 இன்னொரு நுட்பத்தைச் சேர்த்தது. விடுதி உணவுக்கூடத்தில் ஒருவரே இருபது தட்டுகளோடு வந்தாலும் வரிசையில் ஓரிடம்தானே? அவ்வாறே, ஒரு முனையத்திலிருந்து கிளம்பும் இருபது வேலைகளும் ஒரே குழுவாக எண்ணப்பட்டன. பாட்டு விக்கலின்றி ஓடிற்று. 2023இல் வந்த 6.6 கர்னலிலிருந்து, யாருக்கு எக்கெடுவுக்குள் பங்கு சேரவேண்டும் என்பதும் கணக்கில் கொள்ளப்படுகிறது.

இன்றைய மடிக்கணிப்பொறிகளில் தகடு பதியும் கருவியே அரிதாகிவிட்டது. இசை பதிவோர்க்கோ அந்த முன்னுரிமை வரம்புகள் இன்றும் வேண்டியிருக்கின்றன. கருவி உள்ள பொறிகளிலும் ரூட்டைத் தேட வேண்டியதில்லை. பெரும்பாலான லினக்ஸ் பொறிகளில், திரைமுன் அமர்ந்து உள்நுழைந்தவருக்கே கருவியைத் தொடும் உரிமை தானாகக் கிடைக்கிறது. அவர் வெளியேறியதும் அது திரும்பப் பெறப்படுகிறது.