சிறு மோட்டார் வண்டியில் இடமும் இருக்கையும்

சிறு மோட்டார் வண்டிகளை ஒப்பிட்டு நோக்குவார் பெரும்பாலும் விலை, பெட்ரோற் செலவு, வேகம் என்னும் மூன்றையே ஆராய்வர். உள்ளே அமர்வார்க்கு இடம் எத்துணை, இருக்கை உடலுக்கு இசைந்ததா என்னும் வினாக்களைப் பிற்பாடு காண்போமென விட்டுவிடுவர். ஆயின் வண்டியை வாங்கிய பின்னர் நாடோறும் நம் உடல் உணர்வன இவ்விரண்டுமே. ஆதலின் இவற்றை ஒப்பிடும் முறையை ஈண்டு ஒருசிறிது விளக்க முயல்வாம்.

எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியவர் எம் பாட்டியார். சென்ற விடுமுறையில் எம் இல்லத்தார் ஒரு சிறு வண்டி வாங்கக் கருதி, அவரையும் உடனழைத்துச் சென்றனர். முதலிற் கண்ட வண்டி நீண்டு தாழ்ந்து, பார்வைக்கு மிக அழகியதாயிருந்தது. முழங்கால் நோயுடைய பாட்டியார் அதன் பின்னிருக்கையில் எளிதாக அமர்ந்தார். எழுதற்கோ இருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. அவர் வண்டியைக் குறைகூறிற்றிலர். "ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு நீங்கள் போய் வாருங்கள், ஐயா; நான் வீட்டிலேயே இருந்துகொள்ளுகிறேன்" என்றுமட்டும் சொன்னார். அச்சொல் எம் உள்ளத்தை உறுத்திற்று.

முதற்கண் அறியவேண்டுவது ஒன்றுண்டு. சிறு வண்டியில் இடம் புதிதாக உண்டாக்கப்படுவதில்லை. உள்ள இடமே பங்கிடப்படுகிறது. எஞ்சின், சக்கரங்கள், பெட்ரோல் தொட்டி, கதவுகளின் கனம் ஆகியன தத்தம் பங்கைக் கொண்டபின் எஞ்சுவதே மக்களுக்காவது. இவ்வுண்மையை உலகுக்கு நன்கு காட்டியது, 1959-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மினி என்னும் வண்டி. 1956-இல் நிகழ்ந்த சூயெஸ் நெருக்கடியால் ஆங்குப் பெட்ரோல் அரிதாகவே, சிக்கனமான சிறு வண்டியொன்றை அமைக்கும் பணி அலெக் இசிகோனிஸ் என்பாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் அதன் நீளத்தை ஏறத்தாழ 10 அடியில் நிறுத்தினார். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்ப்பெட்டியை அதன் அடியிலேயே அமைத்தார். சக்கரங்களை 10 அங்குல அளவினவாக்கி நான்கு மூலைகளுக்கும் ஒதுக்கினார். முன்சக்கரங்களே வண்டியை இழுத்தமையால், பின்சக்கரங்களுக்குச் செல்லும் நீண்ட சுழல்தண்டும், அதன்பொருட்டுத் தரையின் நடுவே எழும் மேடும் வேண்டாவாயின. கண்ணாடிகள் கதவினுள் இறங்காது பக்கவாட்டில் நகருமாறு செய்யவே, கதவின் உட்புறம் குழிவாகி முழங்கைக்கும் சிறு பொருள்களுக்கும் இடந்தந்தது. இவற்றின் பயனாய்த் தரைப்பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்கு மக்களுக்கும் சாமானுக்கும் கிடைத்தது.

இனி, நீளத்தினும் உயரம் உதவும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. மணையிற் காலை நீட்டி அமர்வானுக்குத் தரை மிகுதியும் வேண்டும். நாற்காலியில் அமர்வானுக்கு அத்துணை வேண்டுவதில்லை. அங்ஙனமே இருக்கையை உயர்த்திக் கூரையையும் உயர்த்தினால், கால்கள் கீழ்நோக்கித் தொங்கக் குறைந்த நீளத்திலேயே மக்கள் அமரலாம். 1983 முதல் 2014 வரை செய்யப்பட்ட மாருதி 800-இன் உயரம் ஏறக்குறைய 1.4 மீட்டர். சென்னையை அடுத்த தொழிற்சாலையிலிருந்து 1998-இல் வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோவின் உயரமோ ஏறக்குறைய 1.6 மீட்டர். அதன் வடிவைக் கண்டு முதலில் நகைத்தாரும், உள்ளே அமர்ந்தபின் அதன் பயனை உணர்ந்தனர்.

2009-இல் வந்து 2018-இல் நின்றுபோன டாடா நானோவோ, மாருதி 800-இனும் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளங் குறைந்தது. உயரத்தில் ஏறத்தாழ அவ்வளவே மிகுந்தது. எஞ்சின் பின்னிருக்கையின்கீழ் ஒடுங்கியமையால் அதனுட் காலிடம் வியப்புறத்தக்கதாய் இருந்தது. ஆனால் சாமானிடம் சுருங்கிற்று. தொடக்கத்திற் பின்கதவும் திறவாது, பின்னிருக்கையின் சாய்வை மடக்கியே பொருள் வைக்கவேண்டியதாயிற்று. ஒருவர் பங்கு பெருகின் மற்றொன்றின் பங்கு குறையும் என்பதற்கு இதுவும் சான்றாம்.

இடம் மட்டும் இருந்தாற் போதாது. இருக்கையும் செவ்வனே அமைதல் வேண்டும். மெத்தென்ற இருக்கையே சுகமானது என்பது பலர் கருத்து. அஃது ஐந்து நிமிடத்திற்கே மெய்யாம். மிக மெல்லிய மெத்தையில் உடல் அமிழ்ந்து முதுகு வளையும். மிகக் கடியதில் உடற்பாரமெல்லாம் இடுப்பின் அடியெலும்புகள் இரண்டின்மேல் நின்று வருத்தும். பாரத்தைப் பரவலாகத் தாங்குவதே நல்லிருக்கை. 1948-இல் பிரான்சு நாட்டில் வெளியிடப்பட்ட சித்ரோயன் 2சிவி என்னும் எளிய வண்டியில், உலோகக் குழாய்ச் சட்டத்தில் ரப்பர்ப் பட்டைகளைக் கட்டி, அவற்றின்மேல் துணி விரித்து இருக்கை அமைத்தனர். கயிற்றுக்கட்டில் நம்மைத் தாங்குவது போல அது தாங்கிற்று. விலையுயர்ந்த தோலினும் அமைப்பே சுகத்தைத் தரும் என்பது இதனாற் பெறப்படும்.

வண்டி தேர்வார் கீழ்வரும் சோதனைகளைத் தாமே செய்து பார்க்கலாம். ஒன்று: ஓட்டுநர் இருக்கையைத் தமக்கேற்ப அமைத்து, பின் அதற்கு நேர்பின்னே தாமே சென்று அமர்ந்து, முழங்காலுக்கும் முன்னிருக்கைக்கும் இடையே எத்துணை இடமுண்டெனக் காண்க. இரண்டு: பின்னிருக்கையில் தொடை முழுதும் மெத்தையிற் படிகிறதா, அன்றி முழங்கால் உயர்ந்து தொடை அந்தரத்தில் நிற்கிறதா என நோக்குக. மூன்று: மூவரை அமர்த்தி, நடுவிலிருப்பவர் முகத்தைப் பார்க்க, பெரும்பாலான சிறு வண்டிகள் தோல்வியுறுவது இங்கேதான். நான்கு: இறங்கிக் காண்க. இருக்கை இடுப்பளவுக்குச் சற்றே தாழ இருப்பின் எழுதல் எளிது. முழங்காலினும் தாழ்ந்திருப்பின் முதியோர்க்கு அஃது ஒரு கிணறே. கால்மணி நேரம் அமர்ந்த பின்னரே இருக்கையைப் பற்றி முடிவு கூறுக.

இச்சோதனைகளைச் செய்தபின் எம் இல்லத்தார் வாங்கியது, முதலிற் கண்டதனினும் நீளங் குறைந்து உயரம் மிகுந்த வேறொரு வண்டி. எம் தமையனார்க்கு அதன் தோற்றத்தில் இன்றும் மனக்குறை உண்டு. அவர் கூறுவதிலும் நியாயம் இல்லாமலில்லை. எனினும் ஞாயிறுதோறும் பாட்டியார் கதவைத் திறந்து, ஒரு கையாற் பிடித்துக்கொண்டு, பிறர் துணையின்றித் தாமே இறங்கிக் கோவிலுக்குட் செல்கின்றார். உள்ள இடத்தைப் பங்கிடுங்கால் முதற்பங்கு யார்க்கு என்பதை நாம் முன்னரே துணிந்துகொள்வோமாயின், வண்டியைத் தேர்தல் அரிதன்று.