எந்தக் கிளையைப் பிடிப்பது?

அரை நொடித் தாமதம், அவ்வளவுதான். 2024 மார்ச் மாதம் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற இன்ஜினியர் தம்முடைய கம்ப்யூட்டரைச் சோதித்துக் கொண்டிருந்தார். வெளியிலிருந்து அதற்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகப் பிடித்தது. வேறொருவர் பேசாமல் விட்டிருப்பார். இவர் விடவில்லை, குடைந்து பார்த்தார். தகவல்களைச் சுருக்கி வைக்கும் ‘எக்ஸ்.இசட்.’ என்ற சிறு புரோகிராமுக்குள் கள்ளக் கதவு ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. மார்ச் 29-ஆம் தேதி அதை உலகறியச் செய்தார்.

அவர் கம்ப்யூட்டரில் இருந்தது ‘டெபியன்’ என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். 1993-இல் இயான் மர்டாக் தொடங்கியது இது. அதே டெபியனை வைத்திருந்த எத்தனையோ பேருக்கு அந்தக் கள்ளக் கதவு எட்டிப் பார்க்கவே இல்லை. காரணம், அவர்கள் பிடித்திருந்த கிளை வேறு.

மூன்று கிளைகள்

டெபியனில் மூன்று கிளைகள் உண்டு. முதலாவது ‘ஸ்டேபிள்’, அதாவது நிலையானது. சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதியது வெளியாகும். வெளியான பின் பாதுகாப்புக் கோளாறுகளும் பெரிய பிழைகளும் மட்டுமே திருத்தப்படும். 2025 ஆகஸ்ட் 9-இல் வந்த ‘டிரிக்ஸி’ 13-ஆவது பதிப்பு. மூன்று ஆண்டுகள் முழுக் கவனிப்பும், பின்னர் இரண்டு ஆண்டுகள் நீடித்த கவனிப்பும் உண்டு.

மற்றொரு கோடியில் இருப்பது ‘அன்ஸ்டேபிள்’. புதுச் சரக்கு முதலில் வந்திறங்கும் இடம். இதற்குச் ‘சித்’ என்று பெயர். ‘டாய் ஸ்டோரி’ படத்தில் பொம்மைகளைப் போட்டு உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் பெயர் அது! அங்கே சில நாட்கள் பெரிய பழுதின்றித் தாக்குப் பிடித்த சரக்கு நடுக்கிளையான ‘டெஸ்டிங்’குக்கு வரும்.

நடுவழி நல்லதா?

நடுவில் இருப்பதே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பாதுகாப்புத் திருத்தம் என்று வரும்போது நடுக்கிளை இரண்டுங்கெட்டான். நிலையான கிளைக்கு அதற்கென உள்ள குழு உடனே மருந்து தருகிறது. ‘சித்’துக்குப் புதுச் சரக்கே நேரே வந்துவிடுகிறது. ‘டெஸ்டிங்’ மட்டும் வரிசையில் காத்திருக்க வேண்டியுள்ளது. 2024-இல் எக்ஸ்.இசட். கள்ளக் கதவு ‘சித்’துக்கும் ‘டெஸ்டிங்’குக்கும் வந்துவிட்டது. நிலையான கிளையில் பழைய பதிப்பே இருந்ததால் அது தப்பித்தது.

யாருக்கு எது?

கடைக் கணக்கு, ஆபீஸ் வேலை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு நிலையான கிளையே ஏற்றது. ஓரிரு புரோகிராம்கள் மட்டும் புதிதாக வேண்டுமானால், அதற்காகக் கிளை தாவத் தேவையில்லை. நிலையான கிளைக்கென்றே தயாரித்துத் தரும் ‘பேக்போர்ட்ஸ்’ இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: அமைப்புப் பட்டியலில் ‘ஸ்டேபிள்’ என்று பொதுவாக எழுதி வைத்தால், அடுத்த பதிப்பு வந்ததும் வழக்கமான அப்டேட்டிலேயே அதன் சரக்கு உள்ளே வரத் தொடங்கிவிடும். ‘டிரிக்ஸி’ என்று பெயர் சொல்லி எழுதினால், மாறும் நாளை உடையவரே முடிவு செய்யலாம்.

அப்படியானால் ‘சித்’ யாருக்கு? உடைந்தால் தாமே சரிசெய்யத் தெரிந்தவர்களுக்கு. அந்த அரை நொடியைக் கண்டுபிடித்த பிராயிண்ட் வைத்திருந்ததும் ‘சித்’தான். முன்னே போகிறவர் இடறினால்தான் பின்னே வருகிறவருக்குப் பள்ளம் தெரிகிறது. பிழைப்புக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டரை நம்பியிருப்பவர் பின்னே வருவதில் வெட்கமில்லை.